எழுபது டிகிரியும் ஓர் ஐப்பசி இடியும்

1

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

அயர்லாந்தில், லிமெரிக் ஊரில், ஒரு பழைய மாவு மில்லின் இரண்டாம் மாடியில் எங்கள் பட்டறை. அங்கே நான்கு பேர். ஈஃபா, கம்பெனியின் முதலாளி, இருபத்தொன்பது வயதுப் பெண். கானர், அவளுடைய கூட்டாளி, எதற்கும் பதறாத ஆள். என் மகள் ரூத், பதின்மூன்று வயது. பள்ளிக்கு ஒரு வார விடுமுறை. வீட்டில் தனியாக விட எனக்குப் பயம், அதனால் கூட்டி வந்திருந்தேன். நான்காவது நான், ஜெபராஜ்.

இடுக்கியில், ஆனைக்கரையில், போன் திரைக்குள் இரண்டு பேர். மரியதாஸ் அண்ணன், அவர் மனைவி எஸ்தர் மைனி. அண்ணன் என் பெரியப்பா மகன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். சாக்கின் மேல் ஒரு பூனையும் படுத்திருந்தது.

ஆக ஆறு மனிதர்கள், ஒரு பூனை, இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டி ஆனைக்கரை ஸ்டோரின் சுவரில். அதன் இரட்டைப் பிறவி லிமெரிக்கில் என் மேசை மேல். என் மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தாள். அவள் அங்கே இல்லை. ஆனாலும் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறவள் அவள்தான்.

இங்கே காலை பத்தரை. அங்கே மாலை நான்கு. நான் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த வாரம் அது.

2

ஊரிலிருந்து யார் பேசினாலும் கேட்பது ஒன்றுதான். "நீ அங்க என்ன வேலதான் பாக்குற?"

கம்ப்யூட்டர் வேலை என்றால் நம்ப மாட்டார்கள். தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நான் ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்குக்குப் பயந்து, அன்று காலை வயிற்றுவலி என்று படுத்தவன், அதன்பின் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. குமுளியில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடையில் பதினான்கு வருடம். லில்லி நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தாள், நான் அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளில் ஈயப் பற்று சரியாக ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கும் வேலை. செத்துப்போன பலகைகளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக, அந்தப் பலகைகளின் சிப்புக்குள் எழுதியிருக்கும் புத்தியைப் படிக்கப் பழகி, பிறகு நானே எழுதப் பழகினேன்.

இப்போது என்னைக் கூப்பிடுகிறவர்கள் புதிதாகக் கம்பெனி தொடங்கிய இளசுகள். அவர்களிடம் ஒரு கருவி இருக்கும். மேசையில் அழகாக வேலை செய்யும். அதை வெளியே, மழையில், எறும்புக்கு நடுவில், பொறுமையில்லாத மனிதர் கையில் வேலை செய்ய வைப்பது என் பாடு. இதற்குப் படிப்பைவிடப் பயம் அதிகம் வேண்டும். இந்த வயர் அறுந்தால்? எலி கடித்தால்? சிப் எண்ணுகிற எண்ணுக்கு ஒரு நாள் இடம் போதாமல் போனால்? நான் படுத்தால் தூக்கத்துக்கு முன்னால் வருவது இந்தக் கேள்விகள்தான். "நாப்பது வருசம் சும்மா பயந்துட்டுக் கெடந்தீங்க. இப்பதான் அதுக்குச் சம்பளம் வருது," என்பாள் லில்லி.

போன வருடம் கம்பெனிக்கு மானியம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அதில் ஒவ்வொருவரின் உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி கேட்டிருந்தார்கள். பட்டியலில் பட்டயத்துக்குக் கீழே கட்டமே இல்லை. ஒன்பதாம் வகுப்பை எங்கே வைப்பது? ஒரு வாரம் அந்தப் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இதைப் பார்த்து நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஈஃபா "மற்றவை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் எழுதினாள்: தலைமைக் கவலையாளர். மானியம் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் யாரோ சிரித்திருக்க வேண்டும்.

3

இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

ஈஃபாவின் பெட்டி முதலில் மரக்கட்டை உலர்த்தும் அறைகளுக்காகச் செய்தது. அறையின் சூட்டைப் பார்த்து, அடுப்புக்குக் காற்று ஊதும் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். அவ்வளவுதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஏலக்காய் ஸ்டோரைப் பற்றிச் சொன்னேன். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பில் ஒரு நாள் பொழுது காய வைப்பார்கள். ஐம்பது டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கூடினால் காயின் பச்சை போய் வெளுத்துவிடும், ஏலத்தில் விலை விழும். அதனால் ஒருவர் அடுப்பை விட்டு நகரவே முடியாது. மரியதாஸ் அண்ணனுக்குக் கண்ணெல்லாம் புகை.

"அப்படியானால் அங்கே நம் பெட்டி போக வேண்டும்," என்றாள் ஈஃபா. சொன்ன வேகத்தில் இரண்டு பெட்டி தயார். ஒன்றை அனுப்பினோம். சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்தது. இது ரேடியோவா, பொம்மையா, மருத்துவக் கருவியா என்று கேட்டு மூன்று கடிதம். "உலர்த்தும் அறைக்கான புத்தி" என்று நான் ஒரு பதிலில் எழுதப் போனேன். கானர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

ஆகஸ்டில் பெட்டி ஸ்டோர் சுவரில் ஏறியது. ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. அண்ணன் கட்டிலில் படுத்துத் தூங்கினார். "ஏலே, கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் முழுசாத் தூங்குதேன்," என்று செய்தி அனுப்பினார். பின்னாலிருந்து மைனியின் குரல்: "கல்யாணத்துக்கும் தூக்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அக்டோபரில் ஒரு நாள் பெட்டி எழுபது டிகிரிக்குப் போனது. ஐம்பது என்று சொல்லி வைத்ததை அது மறந்துவிட்டது. மறந்தால் பட்டறையில் முதலில் எழுதி வைத்த எண்ணுக்குப் போகும். அது எழுபது, மரக்கட்டைக்கான சூடு. அந்த எண்ணை மாற்றாமல் விட்டது நான். அந்த நிலைக்குப் பெட்டி ஒருபோதும் போகாது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் இதற்குப் பயப்படவில்லை.

நாற்பத்தாறு கிலோ ஏலக்காய் வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது. அது அண்ணனுடைய காய் அல்ல. பக்கத்துத் தோட்டத்து ஜோசப் சேட்டனுடையது. அண்ணன் பன்னிரண்டு சிறு விவசாயிகளின் காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுப்பவர். விலையில் குறைந்ததைத் தன் கையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். மோட்டார் வயரைப் பெட்டியிலிருந்து அவிழ்த்துவிட்டு மறுபடி அடுப்படியில் உட்கார்ந்தார். பெட்டி சும்மா சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு தொங்கியது. அப்படித் தொங்கும்போதும் அது இன்னும் இரண்டு தடவை ஐம்பதை மறந்து எழுபது என்று காட்டியது.

அண்ணன் ஒரு நாள் கூப்பிட்டார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் மெதுவாகப் பேசினார்.

"தம்பி, பன்னெண்டு வீட்டுக்காரங்களும் வந்து பேசிட்டுப் போனாங்க. இன்னும் மூணு ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள இது என்னன்னு தெரியலன்னா காய வேற ஸ்டோருக்குக் கொண்டு போயிருவாங்க."

"பெட்டியக் கழத்திருங்கண்ணே."

"கழத்திட்டா மட்டும்? என் தம்பி செஞ்சதுன்னு நானாக்கும் ஊரெல்லாம் சொல்லி வச்சேன். மறந்து போற பெட்டிய மாட்டுனவன் நாளைக்கு எதையும் மாட்டுவான்னுதான் சொல்லுதாங்க. இது ஏன் மறந்துச்சுன்னு நான் சொல்லியாகணும்டே."

பன்னிரண்டு பேர் போனால் ஸ்டோர் இல்லை.

4

பெட்டிகள் மறப்பதற்கு நூறு காரணம் உண்டு. முதல் சந்தேகம் கரண்டு போய் வருவது. இங்கே வந்த புதிதில் நான் தொழிற்சாலை மேஸ்திரியிடம் ஊரில் தினமும் கரண்டு போகும் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, அவர் "எங்கே போகும்?" என்று கேட்டார். இங்கே அது போவதில்லை. நம் ஊரில் போகும் என்று தெரிந்துதான், முதலிலேயே ஒரு சின்ன இயந்திரத்தை வைத்து, பத்தாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டிப் பார்த்திருந்தேன். பெட்டி ஒரு தடவைகூட மறக்கவில்லை.

மின்னலா? அடித்திருந்தால் பெட்டி செத்திருக்கும், மறந்திருக்காது. எறும்பா? கழற்றிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு எறும்பும் இல்லை. மைனியிடம் விசாரணை நடத்தினேன்.

"மைனி, யாராச்சும் பெட்டியத் தொட்டாங்களா?"

"தொடவே இல்லையே."

"தொடைக்கும்போது, தூசி தட்டும்போது..."

"ஏன் கொழுந்தா, போலீஸ் மாதிரி கேக்குற? பெட்டிப் பக்கமே நான் போகல. பூன கூடப் போகல."

"அண்ணன்?"

"அவுக தூங்குறப்ப எதத் தொடப் போறாக?"

நான் விடவில்லை. அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். அப்படியானால் தப்பு சிப்புக்கு நான் எழுதியதில்தான். ஏழாயிரம் வரிகளையும் முதலிலிருந்து படித்தேன். ஈஃபாவின் கையில் கிறிஸ்துமஸ் வரைக்குத்தான் பணம். அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

கானர் ஒரு யோசனை சொன்னான். ஆனைக்கரையில் இருப்பதை அப்படியே இங்கே வைப்போம். அதே அடாப்டர், அதே சாக்கெட். சாக்கெட்டுக்கு நான் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தேன். வரும்போது குமுளியில் வாங்கி, இத்தனை வருடம் பரணில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில் பிளக்கைச் சொருகி, கானர் பதினோரு நாள் ஓட விட்டான். யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று மேசையைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினான். பெட்டி ஐம்பதை நினைவில் வைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

5

அந்த வியாழக்கிழமை, பதினோராவது நாள், நாங்கள் எல்லோரும் மஞ்சள் டேப்பைச் சுற்றி நின்று ஆனைக்கரையோடு பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் போனைத் தூக்கிப் பெட்டியைக் காட்டினார். ரூத் எட்டிப் பார்த்து, "பெரியம்மா, பூனைக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள். "பூனைக்கு எதுக்கு மக்கா பேரு, பூனைன்னா வருது," என்றார் மைனி.

ஈஃபா எதையோ கேட்க, நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அப்போது இடித்தது.

ஐப்பசி இடி. எங்கள் பக்கத்து மலையில் விழுந்து, பள்ளத்தாக்கில் உருண்டு, கூரை ஓட்டை அதிர வைத்துப் போகிற இடி. போன் வழியாகக்கூட அந்த உருளல் கேட்டது. அடுத்து எனக்கு நினைவு வந்தபோது, நான் மஞ்சள் டேப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தேன். கையில் பிளக்.

கானரின் பதினோரு நாள் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே லிமெரிக்கில் நல்ல வெயில். அது இந்த ஊரில் வருவதே அபூர்வம்.

ரூத்துதான் முதலில் சிரித்தாள். "அப்பா, இடி ஆனைக்கரையில. நீங்க லிமெரிக்கில!"

எங்கள் லயத்தில் முதல் இடிக்கு அப்பா ரேடியோ பிளக்கைப் பிடுங்குவார், ஏரியல் வயரைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிவார். அம்மா கண்ணாடியைத் துணியால் மூடுவாள். நான் கட்டிலுக்கு அடியில். வரிசையாகப் பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் பிளக் பிடுங்கும் சத்தம் கேட்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மழைக்குக் குடை விரிப்பது மாதிரி. இந்த ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை இடித்தால் அதிகம். இடித்தால் என் மகள் பார்ப்பதற்கு ஜன்னலுக்கு ஓடுவாள். பன்னிரண்டு வருடத்தில் என் தலை அதை மறந்திருந்தது. கை மறக்கவில்லை.

"மன்னிக்கணும்," என்று கானரிடம் சொல்லிக்கொண்டே பிளக்கைத் திரும்பச் சொருகினேன். குமுளி சாக்கெட், வாய் தளர்ந்தது. விளக்கு வந்தது, போனது. இரண்டு ஆட்டு ஆட்டினேன். வந்தது, போனது, வந்தது. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்ததும் நின்றது. நம் ஊரில் பிளக் சொருகுவது என்றாலே அப்படித்தான்.

ஈஃபா கணினித் திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "ஜெப், உன் பெட்டி எத்தனை டிகிரிக்குப் போக நினைக்கிறது, தெரியுமா?"

எழுபது.

நான் போனைப் பிடுங்கினேன். அங்கே திரை ஒரு சாக்கின் மேல் சாய்ந்து கிடந்தது. பூனையின் வால் மட்டும் தெரிந்தது.

"மைனி! மைனி, எங்க போனீங்க?"

"இரு கொழுந்தா, இடி இடிக்குதுல்ல. பிளக்கப் புடுங்கிட்டு வாரேன்."

"பெட்டி பிளக்கையா?"

"எல்லா பிளக்கையும்தான்."

"பெட்டியத் தொடலன்னு சொன்னீங்க?"

"பெட்டிய எங்க தொட்டேன்? சுவத்துல இருக்குறதத்தான புடுங்குனேன்!" மைனி என் அறியாமையைப் பார்த்து உண்மையாகவே வியந்தார். "இடிக்கும்போது பிளக்கப் புடுங்காம யாராச்சும் இருப்பாங்களா? ஒனக்கு என்ன, ஊரே மறந்து போச்சா?"

அண்ணன் பின்னாலிருந்து சொன்னார்: "அவன் வெள்ளக்காரனாயிட்டான், எஸ்தரு."

ஊர்க்காரன்தான் என்பதற்குச் சாட்சியாக, நான் கையில் மஞ்சள் டேப்போடு நின்றிருந்தேன்.

6

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி விழித்ததும் முதல் வேலையாகத் தன் நினைவேட்டைத் திறந்து "நான் எழுந்துவிட்டேன்" என்று ஒரு குறிப்பு எழுதும். ஐம்பது என்ற எண்ணும் அந்த ஏட்டில்தான். எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் கரண்டு போனால், ஏடு பாதியில் கிழிந்த மாதிரி. என் சோதனை இயந்திரம் பத்தாயிரம் தடவை வெட்டியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வெட்டி, பெட்டி நன்றாக விழித்தபிறகு மறுபடி வெட்டியது. மைனியின் கை அப்படியல்ல. சொருகும்போதே ஒரு வினாடிக்குள் நாலு தடவை கொடுத்து நாலு தடவை பிடுங்குகிற கை. என் கையும் அதே கைதான், அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆகஸ்ட் மழையில் இடி இல்லை, அதனால் அந்த ஆறு வாரமும் மைனிக்குப் பிடுங்க வேலை இல்லை.

பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதிவிடலாமா என்றான் கானர். "எழுதலாம். இடி அதைப் படிக்காது. மைனியும் படிக்க மாட்டார். அதோடு, மைனி செய்வது சரி," என்றேன். இடிக்கிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் புத்தி. அதைத் தாங்காத பெட்டிதான் தப்பு.

மூன்று மாற்றம் செய்தேன். விழித்ததும் மூன்று வினாடி எதையும் தொடாமல் சும்மா இருக்கும். நினைவேடு இரண்டு, ஒன்றில் எழுதும்போது மற்றது பத்திரம். இரண்டும் போனால்கூட எழுபதுக்குப் போகாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று கூவும். தெரியாதபோது சும்மா இருந்து சத்தம் போடுவது நான் சின்ன வயதிலிருந்து செய்துவருவது. சிப்புக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை அந்தப் புது எழுத்து இணையம் வழியாக ஆனைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கெடு வைத்த ஞாயிறு, பூசை முடிந்து பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஸ்டோருக்கு வந்தார்கள். வானம் வேண்டுமென்றே தெளிவாக இருந்தது. ஒரு இடியைக் காணோம்.

"இடி என்னத்துக்கு? நான் இருக்கேன்லா," என்றார் மைனி.

பன்னிரண்டு பேர் பார்க்க, பிளக்கைப் பிடுங்கினார், சொருகினார், ஆட்டினார், மறுபடி பிடுங்கினார். முதலில் அண்ணன் எண்ணினார், பிறகு ஜோசப் சேட்டன் எண்ணினார், பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இங்கே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரூத் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழில் எண்ணினாள். இருபத்தொன்பதுக்குப் பிறகு அவளுக்குத் தமிழ் எண் தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

நாற்பதில் மைனி நிறுத்தினார். "என் கைதான் வலிக்கு. ஒம் பெட்டிக்கு ஒண்ணும் வலிக்கல."

பெட்டி ஐம்பதில் நின்றது. ஜோசப் சேட்டன் பெட்டியின் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, என் காய் இங்கேயே கிடக்கட்டு. ஆனா மரியதாஸே, ரெண்டு நாள் நீயும் பக்கத்துல கிட."

அண்ணன் இரண்டு நாள் பக்கத்தில் கிடந்தார். மூன்றாம் நாள் உண்மையான இடி வந்தது, மைனி பிடுங்கினார், சொருகினார். அண்ணன் அன்று தூங்கினார். பன்னிரண்டு வீட்டுக் காயும் இப்போதும் அந்த ஸ்டோரில்தான் காய்கிறது.

இன்னொரு விஷயம். இப்போது அங்கே இடிக்கத் தொடங்கினால் மைனி ரூத்தை வீடியோவில் கூப்பிடுகிறார். அவள் ஜன்னலுக்கு ஓடுவது மாதிரி போனுக்கு ஓடுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறாள்.

7

வெளுத்துப் போன காய்க்கான பணத்தைக் கம்பெனிதான் தர வேண்டும் என்றாள் ஈஃபா. அண்ணன் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை மைனி போனை வாங்கி, எவ்வளவு என்று சொன்னார். நாற்பத்தாறு கிலோ, கிலோவுக்கு நானூறு குறைவு, ஆக பதினெட்டாயிரத்து நானூறு.

கம்பெனிக் கணக்கர் பில் கேட்டார். மைனி நோட்டுத்தாளில் எழுதி, மூலையில் பட்ட ஏலக்காய்க் கறையோடு படமெடுத்து அனுப்பினார். வரி எண் எங்கே என்று கணக்கர் கேட்டார். ரூத் அந்தத் தாளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தாள். "வெளுத்தது" என்பதற்கு என்ன எழுதுவது என்று கணக்கரும் அவளும் அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஆராய்ச்சிச் செலவு என்று பதிந்து பணம் அனுப்பினார்கள்.

போய்ச் சேர்ந்தது பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. இடையில் பாங்குகள் தங்கள் கூலியை எடுத்துக்கொண்டன. மீதியை நானே உடனே அனுப்புகிறேன் என்று பதறிக்கொண்டு போன் செய்தேன்.

"அனுப்பாத," என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

"அனுப்புனா அதுலயும் பாதிய எடுத்துக்குவான். நீ நேர்ல வந்து தா. ரூத்தையும் கூட்டிட்டு வா. முப்பதுலருந்து எண்ணச் சொல்லிக் குடுக்கணும்லா."

"அதுக்கு ரொம்ப நாளாகும்ணே."

"ஆகட்டும். எஸ்தரு சுவத்துல கரியால எழுதி வச்சிருக்கா. நீ வர்ற வரைக்கும் அழிக்க மாட்டாளாம்."

பெட்டிக்குப் பக்கத்தில், பிளக்குக்கு மேலே எழுதியிருக்கிறார். படம் அனுப்பினார்கள். கொழுந்தன் பாக்கி: நானூத்திப் பன்னெண்டு ரூவா.